செஞ்சிப் பாறை கடலுக்கு வரும் வழி

புதுச்சேரியை அடுத்த பொம்மையார்பாளையத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு மேற்கே திரும்பி, மேடேறியதும் சாலையோரச் செம்மண்ணில் புல்லட்டை சைடு ஸ்டாண்டில் நிறுத்திப் பாருங்கள். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் வண்டி இன்னும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். 190 கிலோ வண்டியின் பாரத்தில் ஒரு பங்கு இரண்டு விரல் அகல இரும்பின் வழியே இறங்குகிறது. இந்த மண் அதைத் தாங்காது, ஸ்டாண்டு உள்ளே போய்விடும். பழகினவர்கள் ஒரு தட்டைக் கல்லையோ ஓட்டுச் சில்லையோ அடியில் கொடுப்பார்கள். பாரம் பரவும், வண்டி நிற்கும்.

இரும்பு நுனிக்கே வழிவிடும் மண் ஐப்பசி மழையில் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள அங்கிருந்து சற்று நடந்தால் போதும். முந்திரியும் பனையும் நிற்கும் தரை சட்டென்று முடிந்துபோகும். கீழே செங்குத்தான சிவப்புச் சுவர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் மணல் படுகை. சில இடங்களில் சுவர் இரண்டாள் உயரத்தையும் தாண்டும். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, இடையே ஊதாக்கூட. ஒரு பள்ளம் இரண்டாகப் பிரியும், அது மீண்டும் பிரியும், ஒவ்வொரு கிளையும் மேட்டுக்குள் எங்கோ முடியும்.

அமெரிக்காவின் கொலராடோ ஆறு வெட்டிய பெரும் பள்ளத்தாக்கின் ஆழம் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல். ஆந்திரத்தின் கண்டிக்கோட்டையில் பென்னாறு பாறையைப் பிளந்துகொண்டு போவதைப் பார்க்க இங்கிருந்தும் இளைஞர்கள் வண்டி எடுத்துப் போகிறார்கள். அந்த அளவுகளோடு புதுச்சேரிப் பள்ளத்தை ஒப்பிட முடியாது. ஆனால் அவற்றிடம் இல்லாத ஒன்று இதனிடம் உண்டு. ஒரு மனிதர் தன் ஆயுளுக்குள் இது வளர்வதைப் பார்த்துவிடலாம். இந்தச் சுவரில் இருக்கும் மண் எங்கிருந்து வந்தது என்பதையும், காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடும் ஒரே சவாரியில் தேடிப் போய்ப் பார்த்துவிடலாம். பள்ளம், வழுதாவூர், திருவக்கரை, செஞ்சி, மறுபடி புதுச்சேரி. மொத்தம் ஏறத்தாழ 160 கி.மீ.

கீழிருந்து மேலே வளரும் பள்ளம்

பெரிய மழைத்துளி ஒன்று தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 9 மீட்டர், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். மேலே இலை இருந்தால் அந்த அடியை இலை வாங்கிக்கொள்ளும். கீழே சருகு இருந்தால் சருகு வாங்கிக்கொள்ளும். இரண்டும் இல்லாத வெறும் மண்ணில் ஒவ்வொரு துளியும் மணலைத் தெறிக்கவைக்கிறது. தெறித்த நுண்துகள் மண்ணின் துளைகளில் போய் அடைத்துக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் மேல்மண் இறுகி நீரைக் குடிப்பதை நிறுத்திவிடும். குடிக்காத நீர் ஓடத்தான் வேண்டும்.

முதலில் அது மெல்லிய படலமாக ஓடும். எங்காவது ஒரு சின்னத் தாழ்வு கிடைத்தால் அங்கே கூடும். கூடினால் ஆழம், ஆழமானால் வேகம். இங்கேதான் ஒரு வியப்பான கணக்கு இருக்கிறது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டக்கூடிய மிகப் பெரிய கல்லின் எடை 64 மடங்கு ஆகிவிடுகிறது. நேற்று மணலை மட்டும் அள்ளிய வாய்க்கால் இன்று கூழாங்கல்லை உருட்டுவதற்கு அதுவே காரணம்.

பள்ளம் மேட்டை நோக்கி வளர்வது இன்னொரு விந்தை. அதன் தலைப்பகுதியில் நின்றால் காரணம் புரியும். நீர் அங்கே ஒரு விளிம்பிலிருந்து கீழே விழுகிறது. மொட்டைமாடித் தூம்பிலிருந்து மழைநீர் கொட்டும் இடத்தில் முற்றத்து மண் குழிந்துபோகுமே, அப்படி விளிம்பின் அடிப்பகுதி குடைந்துபோகும். தாங்க ஆளில்லாத மேல்பகுதி ஒருநாள் பாளமாகச் சரியும். விளிம்பு ஒரு சாண் பின்வாங்கும். அடுத்த மழைக்கு மறுபடியும் அதேதான். நீர் கடலை நோக்கிப் போகப் போக, பள்ளம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேடேறுகிறது.

புதுச்சேரியில் ஆண்டுக்கு 1,300 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஒரு ஹெக்டேரில் அவ்வளவு மழை பெய்தால் 48 லட்சம் லிட்டர். அதில் பாதியை மண் குடித்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், மிச்சம் 24 லட்சம் லிட்டர் ஒரே நாளில் சரிவில் இறங்கியாக வேண்டும்.

ஒரு சிட்டிகை மண்

சுவரிலிருந்து உதிர்ந்து கிடக்கும் மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றித் தேயுங்கள். செந்நீர் விரலிடுக்கில் வழியும். இரண்டு மூன்று முறை அலசினால் சிவப்பின் பெரும்பகுதி போய்விடும். கையில் மிஞ்சுவது மங்கலான கண்ணாடித் துகள். அது குவார்ட்ஸ் மணல். ஒவ்வொரு மணிக்கும் மேல் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடும் களியும் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கின்றன. கண் நிறைய தெரியும் செம்மைக்குக் காரணம் அந்தப் பூச்சுதான். இரும்போடு நீரும் சேர்ந்த கோதைட் இருக்கும் இடம் மஞ்சள். இரும்பு இல்லாமல் கயோலின் களி மட்டும் திரண்ட இடம் வெள்ளை.

புவியியலாளர்கள் இந்த அடுக்குக்குக் கடலூர் மணற்கல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடப்பதும் இதே வரிசைதான். மணலும் கூழாங்கல்லும் களியும் பழைய ஆறுகள் கொண்டுவந்து கொட்டியவை. மணிகளை ஒட்டவைக்கும் பசை இங்கே பலவீனம். அதனால்தான் ஸ்டாண்டும் உள்ளே போகிறது, மழையும் உள்ளே போகிறது.

மழை உள்ளே போவது நல்லதற்கே. துளைகள் நிறைந்த இந்த மணற்கல்தான் புதுச்சேரி வட்டாரத்தின் முக்கியமான நிலத்தடி நீர்க் களஞ்சியங்களில் ஒன்று. மேட்டில் விழும் அதே மழை, இறங்கினால் குடிநீர், ஓடினால் பள்ளம். எது நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது மேலே என்ன வளர்ந்திருக்கிறது என்பதே.

சாபமும் காடும்

பள்ளத்துக்கு மேற்கே சிறிது தொலைவில் இரும்பை. பாடல்பெற்ற மாகாளேஸ்வரர் கோயில் உள்ள ஊர். கடுவெளிச் சித்தரை ஊரார் எள்ளி நகைக்க, அவர் மனம் வெதும்பிப் பாட, லிங்கம் பிளந்தது, சுற்றுவட்டாரம் பாலையானது என்பது தலக்கதை. மேடு ஏன் வறண்டது என்று அந்த ஊர் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட விளக்கம் அது. மண்ணியல் சொல்லும் விளக்கத்தில் கோடரியும் ஆட்டுக் கிடையும் வருகின்றன. விறகுக்கும் மரத்துக்கும் காடு போனது. மிஞ்சிய துளிர்களை மேய்ச்சல் தின்றது. மழைத்துளி நேராக மண்ணை அடித்தது.

முன்பு இங்கே என்ன இருந்தது என்பதற்குச் சாட்சி வடக்கே, அதே கடற்கரைச் சாலையில், கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு. சாமி காடு என்பதால் தப்பித்தது. வீரையும் காசானும் நெருங்கி வளர்ந்து, மே மாத நண்பகலிலும் உள்ளே நிழல் விழும். கடலோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு அது. காலடியில் சருகு மெத்தை. அங்கே நீங்கள் பள்ளம் தேட வேண்டியதில்லை.

1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது மேடு பெரும்பாலும் மொட்டையாகவே கிடந்தது. மழை பெய்தால் கடல் கரையோரம் சிவந்துபோகும். வந்து குடியேறியவர்கள் முதலில் கட்டியது வீட்டைவிட வரப்புகளைத்தான் என்று சொல்லலாம். சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் மண் வரப்பு, பள்ளங்களின் குறுக்கே சின்னச் சின்னத் தடுப்பணை, அதன் பிறகு மரம். முதலில் ஆஸ்திரேலிய அக்கேசியா போன்ற எதையும் தாங்கும் இனங்கள், அவற்றின் நிழலில் இந்த மண்ணுக்குரிய மரங்கள். இதில் பொறியியல் நுட்பம் ஒன்றே ஒன்று: நீரின் வேகத்தைக் குறைப்பது. வேகம் பாதியானால் தூக்கும் சக்தி 64இல் ஒரு பங்கு. மேலே சொன்ன அதே கணக்கு, திருப்பிப் போட்டது. மணல் அங்கேயே விழுந்துவிடும். இன்று நாம் பார்க்கும் பள்ளம் அந்த வேலை முழுதாக எட்டாத விளிம்பு. முன்பு மேடு நெடுக இருந்ததன் மிச்சம்.

வெயிலில் காற்று சுடும்

காலை ஒன்பது மணிக்குள் பள்ளத்தை விட்டுக் கிளம்பிவிடுவது நல்லது. கத்திரி வெயில் காலத்தில் வண்டி ஓட்டுபவர்கள் வேகம் கூடினால் குளிரும் என்று நம்புவார்கள். நம் தோலின் வெப்பம் 34, 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை நம்பிக்கை பலிக்கும். காற்றே 40 டிகிரி என்றால் எதிர்க்காற்று வெப்பத்தை நம்மேல் கொண்டுவந்து கொட்டுகிறது. வியர்வை ஆவியாவது ஒன்றே அப்போது காப்பு. ஓடும் வண்டியில் அது உடனுக்குடன் உலர்ந்துபோவதால், வியர்க்கவே இல்லை என்று தோன்றும். தாகம் தெரியும் முன்பே உடம்பில் நீர் குறைந்திருக்கும். முழுக்கைச் சட்டையும், வழியில் நிறுத்தி நிறுத்திக் குடிக்கும் நன்னாரி சர்பத்தும், பனையடியில் சீவித் தரும் நுங்கும் ஆடம்பரமல்ல.

கடற்கரை நகரத்துக்கு இன்னொரு காப்பு உண்டு. நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின் மேல் காற்று எழும்பிய இடத்தை நிரப்ப, நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரும். அது நகர்ந்து உட்புறம் போகப் பல மணி நேரம் பிடிக்கும். புதுச்சேரியில் சட்டை படபடக்கும் நேரத்தில் திருவக்கரையில் இலை அசையாது. மாலையில் செஞ்சியிலிருந்து கிழக்கே திரும்பி வரும்போது, ஏதோ ஓர் ஊருக்குப் பக்கத்தில் காற்று சட்டென்று ஈரமாகி முகத்தில் மோதும். அந்தக் காற்றின் முகப்பைத் தாண்டுவதை மூடிய காரில் போகிறவர் அறிய மாட்டார்.

தாழ்நிலத்துக்கு அடியில் பழைய கடல்

ஊசுட்டேரியைக் கடந்து வழுதாவூர்ப் பக்கம் வந்தால் செம்மேடு காணாமல் போய்விடும். தட்டையான வயல்வெளி. படம் எடுக்க எதுவும் இல்லாததால் பலரும் நிற்காமல் போகும் இடம். ஆனால் இந்தச் சவாரியில் மிகப் பெரிய பள்ளம் இதுவே எனலாம். மேலே இருந்த மணற்கல் அரித்துப் போய்விட்டதால், அடியில் கிடந்த பழைய அடுக்கு வெளியே தெரிகிறது. ஓடை ஒன்று மேட்டில் செய்வதை, காலம் நிறையக் கிடைத்தால் நீர் ஒரு வட்டாரம் முழுவதற்கும் செய்துவிடுகிறது. கிழக்கே கோரிமேடு, ஆரோவில் பக்கம் ஒரு சிவப்பு மேடு, வடமேற்கே திருவக்கரைப் பக்கம் இன்னொன்று. நடுவில் இந்தத் தாழ்நிலம்.

அந்தப் பழைய அடுக்கு கடலடியில் படிந்தது. வயது கிட்டத்தட்ட 7 கோடி ஆண்டு. இந்தியா அப்போது ஆசியாவோடு ஒட்டவில்லை, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தது. 1840களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி வட்டாரத்தில் சேகரித்த புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் லண்டனில் வெளியிட்டார். அவற்றில் அம்மோனைட்டுகள் இருந்தன. சுருண்ட ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுத்துக்கொண்டு வாழ்ந்த, நம் கணவாய்க்கு உறவுள்ள கடல் உயிர்கள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு அவையும் அழிந்தன. பக்கத்தில் தொழிற்பேட்டை உள்ள சேதராப்பட்டு, கரசூர்ப் பகுதியில் அந்த அழிவுக்குப் பிந்தைய அடுக்கும் இருக்கிறது. உலகத்தின் ஒரு யுகம் முடிந்து இன்னொன்று தொடங்கிய எல்லை, சரக்கு லாரிகள் போகும் சாலைக்குச் சற்று அருகில் மண்ணுக்குள் கிடக்கிறது.

கண்ணுக்கு மரம், கைக்குக் கல்

திருவக்கரையில் வக்ரகாளி கோயிலுக்குக் கூட்டம் வரும். கல்மரப் பூங்காவுக்கு வருவது அதில் சிறு பகுதிதான். 1781இலேயே பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னேரா இந்த மரங்களைப் பற்றி எழுதிவிட்டார். இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ளன. திருமால் வதம் செய்த வக்கிராசுரனின் எலும்புகள் என்பது ஊர் வழக்கு.

நண்பகலில் ஓர் அடிமரத்தின் மேல் கை வையுங்கள். பட்டை, கணு, நார் வரி எல்லாம் கண்ணுக்கு மரமாகவே தெரியும். கையைச் சுட்டுவிடும். உண்மையான மரக்கட்டை அதே வெயிலில் கிடந்தாலும் இவ்வளவு சுடாது, மரம் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். இது சிலிக்கா. சேர்த்து வைத்த சூட்டைத் தொட்ட உடனே கைக்குத் தருகிறது.

இங்கே ஒரு மரம்கூட நின்ற நிலையில் இல்லை. எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. கிளை இல்லை, இலை இல்லை, வேர் இல்லை. வேறெங்கோ முளைத்தவற்றைப் பெருவெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்ததன் அடையாளம் அது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன். காற்றுப் புகாத மணலுக்குள் மரம் அழுகவில்லை. மணல் வழியே ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா, ஒவ்வொரு மரச் செல்லுக்குள்ளும் புகுந்து படிந்து கல்லானது.

கரைந்த சிலிக்கா எங்கிருந்து வந்தது? ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தை மழைநீர் தாக்கும்போது அது கயோலின் களியாக மாறுகிறது. மாறும்போது கொஞ்சம் சிலிக்கா நீரில் கரைந்து வெளியேறும். காலையில் பள்ளத்துச் சுவரில் பார்த்த வெள்ளைத் திட்டும், இப்போது கையைச் சுடும் கல்மரமும் ஒரே வகை வேதிவினையின் இரண்டு விளைச்சல்கள்.

ஊற்றுக்கண்

மயிலம், கூட்டேரிப்பட்டு, தீவனூர் வழியாகச் செஞ்சி. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த கோட்டை, புதுச்சேரி வீழ்ந்த 1761இலேயே அவர்கள் கையை விட்டும் போனது. கோட்டையின் ராஜகிரிக் குன்றில் ஏற மாலை வெயிலில் நேரம் போதாவிட்டாலும் குறையில்லை. அடிவாரத்தில் உடைந்து கிடக்கும் ஒரு கல்லின் புதிய முகத்தைப் பாருங்கள். வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பார், கண்ணாடி நிறக் குவார்ட்ஸ், இரும்பு கலந்த கறுப்புக் கனிமங்கள். வயது சுமார் 250 கோடி ஆண்டு.

இந்த மூன்றையும் மழையில் போட்டு, காலத்தைத் தாராளமாகக் கொடுத்தால் என்ன ஆகும்? ஃபெல்ஸ்பார் வெள்ளைக் களி ஆகும். கறுப்புக் கனிமத்தில் உள்ள இரும்பு துருவேறிச் சிவக்கும். குவார்ட்ஸ் எதற்கும் மசியாமல் மணலாக உதிரும். வெள்ளை, சிவப்பு, மணல். பொம்மையார்பாளையத்துச் சுவரில் இருப்பதும் இவைதான். மேற்கே உள்ள இத்தகைய பாறைகள் சிதைந்து, ஆறுகளில் ஏறிக் கிழக்கே வந்து படிந்ததே கடலூர் மணற்கல்.

செஞ்சிக் குன்றுகளில் உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்பதற்கும் அந்தச் சிதைவே காரணம். பாறையில் குறுக்கும் நெடுக்கும் வெடிப்புகள் உண்டு. வெடிப்பு வழியே இறங்கும் நீர் கட்டத்தின் முகத்தை ஒரு பக்கமிருந்தும், விளிம்பை இரண்டு பக்கமிருந்தும், மூலையை மூன்று பக்கமிருந்தும் தாக்கும். மூலை முதலில் தேயும், கட்டம் உருண்டையாகும். இது நடப்பது மண்ணுக்கு அடியில். பின்பு மழை மண்ணைக் கழுவிக்கொண்டு போக, உருண்டைகள் மட்டும் வெளியே நிற்கின்றன.

வரப்பும் தடமும்

ஆக, கடலோரப் பள்ளம் மண்ணின் முதல் பயணமல்ல. பாறையாக இருந்தது ஒருமுறை பெயர்ந்து மேடானது, இப்போது இரண்டாவது முறை பெயர்ந்து கடலுக்குப் போகிறது. முதல் பெயர்ச்சிக்குக் கோடிக்கணக்கான ஆண்டு ஆனது. இரண்டாவதை மனிதர்கள் சில தலைமுறைகளுக்குள் விரைவுபடுத்திவிட்டார்கள்.

இதில் வண்டி ஓட்டுபவருக்கும் பங்கு இருக்கிறது. செம்மண் சரிவில் மோட்டார் சைக்கிள் ஏறும்போது பின்சக்கரம் சுழன்று மேல்மண்ணின் இறுக்கத்தைக் கிழிக்கிறது. அடியில் உள்ள மண்ணை அழுத்தி, நீர் இறங்காதபடி செய்கிறது. அதற்கும் மேலாக, சரிவில் நேர் மேலிருந்து கீழாக ஒரு பள்ளக் கோடு போட்டுவிடுகிறது. படலமாக ஓடிய நீர் ஒன்றுசேர ஓர் இடம் வேண்டும் என்று பார்த்தோமே, அந்த இடம் இதுதான். உழவர் போடும் வரப்பு சரிவுக்குக் குறுக்கே போய் நீரை நிறுத்துகிறது. சக்கரத் தடம் சரிவோடு போய் நீரை விரட்டுகிறது.  விளைவு ஒன்றில் காடு, இன்னொன்றில் ஓடை.

கோடையில் பதியும் தடத்துக்கு ஐப்பசி மழை வர ஐந்து மாதம் இருக்கிறது. அதற்குள் அதைக் காற்று முழுதாகத் தூர்த்துவிடாது, வெயில் இறுக்கி வைத்துவிடும். எனவே பள்ளத்தைப் பார்க்கப் போகிறவர்கள் வண்டியைச் சாலையோரத்திலேயே நிறுத்திவிட்டு உள்ளே நடந்தே போகட்டும். ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல் போதும்.